தெற்குச் சுவரோரம் ஆறு முட்டை

க்ருஷோவ்கா கிராமம்,
ஏப்ரல் 20

அன்பு மருமகள் நெவெனாவுக்கு,

உன் தாய்மாமன் தான்யோ நலம். உன் அம்மாவும் நலம் என்றே எழுதச் சொன்னாள். அங்கே ஸ்பெயினில் வெயில் எப்படி, உன் இடுப்பு எப்படி என்று பதில் போடு. நாள் முழுக்கக் குனிந்து ஸ்ட்ராபெர்ரி பறிக்கிறவளுக்கு இடுப்புதான் சொத்து.

போனில் சொல்ல வேண்டியதைக் கடிதத்தில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. போன் உன் அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அக்காவுக்கு வயிற்றுக்குள் என்ன வந்திருந்தாலும் காது மட்டும் பூனைக் காதாகவே இருக்கிறது.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து அவளை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். மீசை சரியாக முளைக்காத ஒரு டாக்டர் என்னைத் தனியே அழைத்தார். "வீட்ல வெச்சுப் பாத்துக்குங்க ஐயா, பிடிச்சதைச் சாப்பிடக் குடுங்க" என்றார். எத்தனை நாள் என்று கேட்டேன். செர்ரிப் பழம் பழுப்பதைப் பார்ப்பார்கள், திராட்சையைச் சொல்ல முடியாது என்றார். நான் அவர் முகத்துக்கு நேரே சிரித்தேன். அவருக்கு நான் யார் என்று தெரியாது. கூட்டுப் பண்ணை இருந்த காலத்தில் மாட்டு வைத்தியர் ஊருக்குப் போன நாளெல்லாம் நூற்றிருபது மாடுகளை நான் பிழைக்கவைத்திருக்கிறேன். சரி, நாற்பது. அந்த வைத்தியரே வந்து என் கையைக் குலுக்கிவிட்டுப் போனது உனக்குத் தெரியும்.

என் துணிமணியை எடுத்துக்கொண்டு இங்கேயே வந்துவிட்டேன். தோட்டம் இனி என் பொறுப்பு. ஆனால் இது என்ன தோட்டம், நெவெனா! சத்திரம்! உன் அம்மா ஒரு பக்கம் வேலி கட்டுகிறாள், மறுபக்கம் வேலிக்கு அடியில் ஒரு சாண் சந்து விடுகிறாள். ஒவ்வொரு மூன்றாவது பாத்தியும் வருகிறவர்களுக்காம். பட்டாணிக் கொடியின் நுனியை மான் கடித்துவிட்டுப் போகிறது. முள்ளெலிகள் பதினேழு வருகின்றன, அக்கா ஏழு என்கிறாள். நேற்று டிராக்டர் அளவுக்கு ஒரு காட்டுப்பன்றி வந்தது. நான் ஒரு அதட்டல் போட்டேன், அது மூன்று கிராமம் தாண்டித்தான் நின்றிருக்கும். நாரைகள் வந்துவிட்டன. நாரையைக் கண்டதும் மரத்தில் கட்ட வேண்டுமே, மார்ச்சில் கையில் கட்டிய சிவப்பு வெள்ளை நூலை அவிழ்த்து, உன் அம்மாவுக்குப் பதிலாக நானே பேரிக் கிளையில் கட்டினேன்.

பிறகு நம் ஆமை மாரா. அவள் மண்ணைத் தள்ளிக்கொண்டு பேரி மரத்தடியில் எழுந்துவிட்டாள். மூன்றாம் வகுப்பில் நீ டிராக்டர் பெயிண்டைத் திருடி அவள் ஓட்டில் வைத்தாயே சிவப்புப் பொட்டு, தேய்ந்திருந்தாலும் இன்னும் இருக்கிறது. ஜன்னல் வழியாக அவளைப் பார்த்ததும் உன் அம்மா கட்டிலை விட்டு இறங்கிவிட்டாள். நாலு அடி நடந்தாள், அப்புறம் நான் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் வைத்தேன். லெட்டூஸ் கீரையைக் கிள்ளிக் கிள்ளி நீட்டினாள். "ஏன்டி, குளிர்காலம் முழுக்க மண்ணுக்குள்ள கெடந்தியே, செத்துட்டமான்னு ஒரு தடவையாவது தோணுச்சா?" என்று ஆமையிடம் கேட்கிறாள். அது மென்றுகொண்டே இருந்தது.

இப்போது ரகசியம். அக்காவைக் குணப்படுத்த மருந்து என்னிடம் இருக்கிறது. நம் ஊரில் தெரியாதவர் இல்லை, செய்யத்தான் ஆள் இல்லை. ஆமை ரத்தம், சூடு ஆறுவதற்குள், சிவப்பு ஒயினில் கலந்து. பக்கத்து வீட்டு ஸ்லாத்காவின் கொழுந்தன் அதைக் குடித்துத்தான் எழுந்து உட்கார்ந்தான். பிறகு அவன் செத்தது லாரி மோதி, அதற்கும் மருந்துக்கும் சம்பந்தமில்லை. நான் மாராவைச் சொல்லவில்லை, பயப்படாதே. மலையில் கல்லுக்கு ஒன்று கிடக்கும். நாளைக்கே போய்ப் பத்துப் பிடித்து வருவேன். அம்மாவிடம் மட்டும் மூச்சுவிடாதே, இந்த விஷயத்தில் அவளுக்கு மனசு மெல்லிசு.

எனவே நீ புறப்பட்டு வர வேண்டாம். பாதியில் விட்டால் அடுத்த வருஷம் கூப்பிட மாட்டார்கள் என்று நீதானே எழுதியிருந்தாய். மாமன் இருக்கிறேன்.

உன் கைகளுக்குப் பலம் கிடைக்கட்டும்.

தாய்மாமன் தான்யோ

*

க்ருஷோவ்கா,
மே 12

அன்பு மருமகள் நெவெனாவுக்கு,

முதலில் நல்ல செய்தி. உன் அம்மா நடக்கிறாள்! யாரும் தாங்காமல், தன் காலால், வாசலிலிருந்து பேரி மரம் வரை. நான் எண்ணினேன், அறுபது அடி. உன் அம்மா கேட்டால் இருபத்துமூன்று என்பாள். அறுபதோ இருபத்துமூன்றோ, அந்த மீசை முளைக்காத டாக்டர் வந்து பார்க்கட்டும்.

எப்படி என்று சொல்கிறேன். உட்கார்ந்து படி.

மலைக்கு மூன்று நாள் போனேன். என் முழங்கால் உனக்குத் தெரியும். ஒரு ஆமைகூட இல்லை, நெவெனா. என் சின்ன வயதில் ஆமை தடுக்கி விழுந்த இடமெல்லாம் இப்போது வெறும் கல். ஓர் ஓடைக்கரையில் காலி ஓடுகள் குவிந்து கிடந்தன, எனக்கு முன்னால் யார் யாரோ வந்து போயிருக்கிறார்கள். நோயாளி இல்லாத வீடு எது? போகிற வழியில் எல்லோரிடமும் சொல்லிவைத்தேன். மேலூர் ஆட்டிடையன் மிஞ்சோ, "கெடச்சா சாக்குல போட்டுக் கொண்டாரேன் மாமா, நீங்க கவலைப்படாம படுங்க" என்றான்.

அதற்குள் கியோர்கி திருநாள் வந்துவிட்டது. அன்று காலையில் அக்கா தலையைத் தூக்கவில்லை. தயிர் வாயோரம் வழிந்தது. முகம் மெழுகு மாதிரி. இன்றைக்கோ நாளைக்கோ என்று எனக்குத் தோன்றிவிட்டது. திருநாளாயிற்றே, முற்றத்தில் ஆட்டுக்குட்டியை அறுத்தேன். கையில் கத்தி, தரையில் ரத்தம், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். திரும்பினால், என் பூட்ஸ் பக்கத்தில் மாரா.

அவளாகவே வந்தாள். அதை ஆண்டவன் அனுப்பியதாகவே நான் எடுத்துக்கொண்டேன். காலடி சத்தம் கேட்டால் கீரை வரும் என்று முப்பது வருஷமாக உன் அம்மா பழக்கியிருக்கிறாள். நான் குனிந்ததும் தலையை உள்ளே இழுக்கவில்லை. கழுத்தை நீட்டினாள். நல்ல நீளக் கழுத்து. எனக்கு வேலை சுலபமாகப் போயிற்று.

நீலக் கோப்பையில் ஒயின் கலந்து கொண்டுபோனேன். பீட்ரூட் சாறு என்றேன். தலையைத் தாங்கிப் பிடித்து ஊட்டினேன். ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். குடித்துவிட்டு என்ன சொன்னாள் தெரியுமா? "நல்லாருக்குடா தான்யோ. கொஞ்சம் மீதி இருந்தா மாராவுக்கு வையி. பீட்ரூட்னா உசிரை விடுவா." நான் கோப்பையைக் கழுவப் போய்விட்டேன்.

மறுநாள் கன்னத்தில் ரத்தம் ஏறியிருந்தது. அதற்கு மறுநாள் எழுந்து நடந்தாள். சந்தோஷத்தில் நான் ஆடாத குறை. எங்கே நடந்தாள் என்று கேட்கிறாயா? பேரி மரத்தடிக்கு. கையில் கீரையோடு, மாராவைத் தேடிக்கொண்டு. தினமும் இரண்டு முறை நடக்கிறாள். நடக்க நடக்க பலம், பலம் வர வரத் தேடல். ஸ்ட்ராபெர்ரிப் பாத்தியில் கையை விட்டுத் துழாவுகிறாள். மாப்பிள்ளை தேடி மலைக்குப் போயிருக்கிறாள் என்று சொன்னேன். "இந்த வயசுலயா? வெக்கங்கெட்டவ" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை நீ கேட்டிருக்க வேண்டும்.

ஒரே ஒரு சங்கடம். திருநாள் முடிந்த மூன்றாம் நாள் மிஞ்சோ வாசலில் வந்து நின்றான், தோளில் சாக்கு. "மாமா, கேட்டீங்களே" என்று சாக்கை அவிழ்த்தான். உள்ளே நல்ல ஆமை. மாராவின் அளவேதான். அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது. எனக்கு யோசனைக்குப் பஞ்சமா! கொட்டகையில் பழைய டிராக்டர் பெயிண்ட் இன்னும் இருக்கிறது. நடு ஓட்டில் ஒரு பொட்டு வைத்துக் காயப் போட்டிருக்கிறேன். நாளைக் காலையில் பேரி மரத்தடியில் விட்டால் மாரா மலையிலிருந்து திரும்பியாயிற்று. யாருக்கும் நஷ்டமில்லை.

நீ அழுவாய் என்று தெரியும். ஒரு நிமிஷம் அழு. பிறகு யோசித்துப் பார், ஆமையா அம்மாவா? நீ வரும்போது என் கையில் முத்தம் கொடுப்பாய். ஸ்ட்ராபெர்ரி முடிந்ததும் பீச் பழம் பறிக்க ஆகஸ்ட் கடைசி வரை கையெழுத்துக் கேட்கிறார்கள், போடட்டுமா என்று கேட்டிருந்தாய். தாராளமாகப் போடு. உன் அம்மா பிழைத்துவிட்டாள்.

ஆண்டவன் உன்னைக் காக்கட்டும்.

தாய்மாமன் தான்யோ

*

க்ருஷோவ்கா,
ஜூன் 24

நெவெனாவுக்கு,

உன் கடிதம் வந்தது. நாலு வரி. மூன்றாவது வரியில் நீ என்னை அழைத்திருக்கும் சொல்லுக்கு நான் மறுப்புச் சொல்லவில்லை. பீச் தோட்டத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன், இனி விட மாட்டார்கள் என்று நாலாவது வரியில் எழுதியிருக்கிறாய். அதைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். இந்தக் கடிதத்தில் நான் எதையும் கூட்டவில்லை. எண்ணிக்கையெல்லாம் அக்காவின் எண்ணிக்கை.

மிஞ்சோவின் ஆமையைச் சொன்னபடியே பேரி மரத்தடியில் விட்டேன். உன் அம்மா அதைப் பார்த்துக் கத்திய கத்தலில் ஸ்லாத்கா ஆட்டை விட்டுவிட்டு ஓடிவந்தாள். அக்கா அதை மடியில் வைத்துக்கொண்டாள். கீரை கிள்ளிக் கொடுத்தாள். அது தின்னவில்லை. தடவிக் கொடுத்தாள். பிறகு என்ன தோன்றியதோ, மெதுவாகத் திருப்பி வயிற்றைப் பார்த்தாள். பெண் ஆமைக்கு வயிறு தட்டையாக இருக்கும், ஆணுக்குக் குழி விழுந்திருக்கும். இது உன் அம்மாவுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது.

"ஸ்லாத்கா, இங்க வா. எங்க மாரா மலைக்குப் போனா, ஆம்பளையா திரும்பி வந்திருக்கா" என்றாள்.

ஸ்லாத்கா வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "தான்யோ அண்ணே, அந்த மலை எந்தப் பக்கம்னு எனக்கும் சொல்லுங்க. ஒரு நடை போயிட்டு வந்தா இந்த ஊர்ல ஒரு ஆம்பளையாவது இருப்பான்ல" என்றாள். நானும் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. தன் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெயிண்ட் சரியாகக் காய்ந்திருக்கவில்லை.

"கியோர்கி நாளன்னிக்கு எனக்கு என்னடா குடுத்த?"

பீட்ரூட் என்றேன்.

"என் தோட்டத்துல பீட்ரூட் இன்னும் விரல் மொத்தம்கூட வரல."

கடையில் வாங்கினேன் என்றேன். திருநாளன்று எந்தக் கடை திறந்திருந்தது என்று கேட்டாள். ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள், ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. அவள் இரண்டு விரலைத் தொண்டைக்குள் விட்டாள். ஒரு வாரத்துக்கு முன் குடித்தது வருமா? பித்தம்தான் வந்தது. வந்துகொண்டே இருந்தது. கடைசியில் பாத்தியிலேயே சரிந்துவிட்டாள். ஸ்லாத்காவும் நானுமாகத் தூக்கிக் கட்டிலில் போட்டோம். மிஞ்சோவின் ஆமையை ஸ்லாத்கா மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து மலைப் பக்கம் விட்டுவிட்டு வந்தாள்.

அதற்குப் பிறகு என் கையால் எதையும் வாங்கவில்லை. சூப் இல்லை, ரொட்டி இல்லை. ஸ்லாத்கா வரும்போது ஒரு மிடறு தண்ணீர், சில நாள் ஒரு கரண்டி தயிர். நான் கோப்பையை நீட்டினால் உதட்டை இறுக்கிக்கொள்வாள். உதடு வெடித்திருந்தது, வெடிப்பில் ரத்தம். இந்தக் கண்களால் பார்த்துக்கொண்டு நின்றேன். அறுபது அடியும் போயிற்று, இருபத்துமூன்றும் போயிற்று. மே முடியும்போது திரும்பிப் படுக்கவும் அவளால் முடியவில்லை.

ஜூன் பிறந்தது. வருஷா வருஷம் மாரா தெற்குச் சுவரோரம் குழி தோண்டி முட்டையிடும் சமயம். ஒரு காலை அக்கா என்னைக் கூப்பிட்டாள். பதினெட்டு நாளுக்குப் பிறகு என் பெயரைச் சொன்னாள்.

"டேய் தான்யோ. அவ வயித்துல முட்டை இருந்துச்சா?"

இருந்தது, ஆறு, என்றேன்.

"என்ன பண்ண?"

நெவெனா, அந்த ஆறு முட்டையைப் பற்றிப் போன கடிதத்தில் நான் உனக்கு எழுதவில்லை. திருநாளன்று ஆட்டு ஈரலோடு வெங்காயம் போட்டுப் பொரித்து நான் தின்றுவிட்டேன். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு. "தெற்குச் சுவரோரம் பொதைச்சு வெச்சிருக்கேன் அக்கா. ஆறும் முழுசா இருந்துச்சு, ஒரு கீறல்கூட இல்ல" என்றேன்.

வெகுநேரம் என்னையே பார்த்தாள். பிறகு சூப் இருக்கிறதா என்று கேட்டாள்.

அன்றையிலிருந்து சாப்பிடுகிறாள். என் கையாலேயே. ஆனால் ஒரு நிபந்தனை. அந்த இடத்தை நான் காவல் காக்க வேண்டும். பால் கறக்கும் முக்காலியைப் போட்டு, விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை. கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போடச் சொல்லிவிட்டாள். சிகரெட் பற்றவைக்க எழுந்தால் கரண்டியால் கண்ணாடியில் தட்டுகிறாள். காலையும் மாலையும் மண்ணை ஈரம் படாமல் ஈரம் காட்ட வேண்டும், அப்படித்தான் சொல்கிறாள். மத்தியானம் பலகையைச் சாய்த்து நிழல் தர வேண்டும். நிழல் முட்டைக்கு, எனக்கு இல்லை. என் பிடரித் தோல் இரண்டு முறை உரிந்துவிட்டது.

முள்ளெலி முட்டையைத் தோண்டித் தின்றுவிடும் என்று வேலியடிச் சந்துகளையெல்லாம் கல் வைத்து அடைக்கச் சொன்னாள். அவள் விட்டு வைத்த சந்து, முப்பது வருஷச் சந்து. நானே அடைத்தேன். நாரை பாத்தியில் இறங்கினால் கல்லெடுத்து எறிய வேண்டும். மான் வந்தால் கனைக்க வேண்டும். இப்போது தோட்டத்துக்கு யாரும் வருவதில்லை, நெவெனா. பட்டாணி முற்றிக் கிடக்கிறது, கடிக்க ஆளில்லை. வெறும் மண்ணை நான் மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பொழுது சாய்ந்ததும் உள்ளே போவேன். "அசைஞ்சுதா?" என்பாள். என் நாக்கைத்தான் உனக்குத் தெரியுமே. முதல் நாள் நன்றாகவே சொன்னேன். மண்ணுக்கடியில் கடுகு வெடிப்பது மாதிரி சத்தம் கேட்டது என்றேன். "இன்னும் சொல்லு" என்றாள். சொன்னேன். "எந்தப் பக்கம்? எத்தனை தடவை? காதை வெச்சுக் கேட்டியா, வெக்காம கேட்டியா?" தினமும் இப்படி. சொன்னதை மாற்றிச் சொன்னால் கரண்டியைக் கீழே வைத்துவிடுகிறாள், வாயைத் திறப்பதில்லை. மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும். கேட்காமலே பேசுகிற ஆள் நான். இப்போது சாயங்காலம் ஆனால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது.

அவளுக்குத் தெரியுமோ என்று சில சமயம் தோன்றும். முகத்தைப் பார்த்தால் எதுவும் பிடிபடாது. ஸ்லாத்கா ஊர் முழுக்க எனக்கு அடைக்கோழி என்று பெயர் வைத்துவிட்டாள். "அண்ணே, குஞ்சு பொரிச்சா ஒண்ணு எனக்கு. உங்க ஜாடை இல்லாததா பாத்துக் குடுங்க" என்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கத்துகிறாள். ஜன்னலுக்குள் அக்கா சிரிக்கிறாள். எனக்கு அந்தச் சிரிப்பு போதும்.

டாக்டர் வந்தார். செர்ரி முடிந்துவிட்டது, இவர் எப்படி இருக்கிறார் என்று ஆச்சரியப்பட்டார். என்ன கொடுக்கிறீர்கள் என்று என்னைக் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். ஆச்சரியப்பட்டாரே தவிர, வெளியே வந்ததும் தோளைத் தொட்டு, மகளுக்குச் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டார்.

இப்போது நான் கேட்க வேண்டியது. முட்டை பொரிக்க நூறு நாள் ஆகும், திராட்சை பழுக்கிற சமயம் என்று உன் அம்மா கணக்கு வைத்திருக்கிறாள். ஆகஸ்ட் கடைசியில் நீ வருவாய், உன் கையால்தான் அந்த மண்ணைக் கிளற வேண்டும் என்று சொல்லிவிட்டாள். வேறு யாரும் தொடக் கூடாது. நானும் கூடாது. மேலே மூடியிருக்கும் வலையில் ஸ்லாத்காவைக் கொண்டு ஆறு முடிச்சுப் போட வைத்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். மெழுகுவர்த்தி ஒன்று வாங்கினேன். உயிரோடிருப்பவர்களுக்கு ஏற்ற மேல் தட்டு, செத்துப்போனவர்களுக்குக் கீழே மணல் தட்டு. ஆகஸ்ட் வரை அவளுக்கு ஆயுசு கொடு என்று வேண்டுவதா, அந்த மண்ணை அவள் பார்ப்பதற்கு முன்னால் கூப்பிட்டுக்கொள் என்று வேண்டுவதா, எனக்குத் தெரியவில்லை. இரண்டு தட்டுக்கும் நடுவில் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். மெழுகுவர்த்தி சட்டைப் பைக்குள்ளேயே இருந்து, இந்த முக்காலியில் வெயிலில் உருகி ஒட்டிக்கொண்டது.

வராதே வராதே என்று இரண்டு கடிதம் எழுதியவன் நான். இப்போது எழுதுகிறேன், வா. பீச் பழத்தை விட்டுவிட்டு வா. ஆகஸ்ட் வரை காத்திருக்காதே. அவளுக்கு உன் கையால் ஒரு டம்ளர் தண்ணீர் கொடு. மண்ணைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது என்று நீயே முடிவு செய். எனக்கு இனி எதுவும் சொல்லத் தெரியாது. வந்ததும் என்னிடம் பேச வேண்டாம், நேராக உள்ளே போ. நான் சுவரோரம்தான் இருப்பேன்.

முழங்காலில் தாளை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். கீழே விழுந்த பேனாவை எடுக்க எழுந்தேன், அதற்கே கரண்டிச் சத்தம் கேட்டுவிட்டது. உட்கார்ந்துவிட்டேன், அக்கா, உட்கார்ந்துவிட்டேன்.

நீ வரும் வழியெல்லாம் மழை இல்லாமல், காற்று இல்லாமல், தாமதம் இல்லாமல் இருக்கட்டும்.

தாய்மாமன் என்று போட இந்த முறை கை வரவில்லை.

தான்யோ